சப்பரத்தின் அளவுக்கு ஒரு லாரி

1. வந்த வேலை

“கல்ல ஒடைக்க முடியாதுங்க. அதான் லாரிய ஒடச்சி வாங்கிக்கிட்டுப் போலாம்னு வந்தோம்.”

தருமபுரியில் லாரிப் பட்டறையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். முதலில் கேஸ் வெல்டர், பிறகு மேஸ்திரி. எத்தனையோ பேர் எத்தனையோ கோளாறோடு வந்திருக்கிறார்கள். நல்ல வண்டியைக் கொண்டுவந்து உடைத்துக் கொடு என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். பெயர் வேடியப்பன். சித்தேரி மலைப் பக்கம் சாமையும் புளியும் வைத்துப் பிழைக்கிற விவசாயி, நாற்பது வயது இருக்கும். ஓட்ட ஆள் இல்லாமல் இன்னொரு லாரியில் சங்கிலி போட்டு இழுத்து வந்த பச்சை வண்டி ஒன்று அவருக்குப் பின்னால் ரோட்டோரம் நின்றது. ராணுவத்தில் கழித்து ஏலத்தில் விட்ட லாரி. முன் ஆக்ஸிலும் இழுக்கும், பின் ஆக்ஸிலும் இழுக்கும். மலைக்கு ஏற்ற வண்டிதான். அகலம் மட்டும் ஏழடி.

எங்கள் முதலாளி இப்ராகிம் பாய் நாற்காலியை விட்டு எழாமலே, “எந்தக் கல்லுய்யா?” என்றார்.

வேடியப்பன் சொன்ன கதை இதுதான். மலையில் ஆறு ஊர். விளைகிற புளியைத் தலையிலும் கழுதையிலும் வைத்து அடிவாரத்துக்கு இறக்கி, அங்கிருந்து வாடகை வண்டியில் மொரப்பூர் மண்டிக்குக் கொண்டுபோவார்கள். மண்டி முதலாளி மூட்டையெல்லாம் இறங்கும்வரை வாய் திறக்க மாட்டார். கடைசி மூட்டையும் இறங்கியபிறகு ஒரு விலை சொல்வார். அதுதான் விலை.

“கட்டுப்படியாவலன்னா குடுக்காத, எடுத்துக்கிட்டுப் போம்பாருங்க” என்றார் வேடியப்பன். “எங்கத்த எடுத்துக்கிட்டுப் போறது? எறக்குனத தலையில வெச்சி மறுக்கா மல ஏத்த முடியுங்களா? அது அவருக்கும் தெரியும்.”

அதனால் ஆறு ஊர்க்காரர்களும் மாடு கன்றுகளை விற்று ஏலத்தில் லாரி எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷமாகக் கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பாதையையும் அகலப்படுத்தி வைத்திருந்தார்கள். ஊருக்குச் சற்றுக் கீழே ஒரே ஓர் இடத்தில் மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பாறைகள், வலப்பக்கம் அண்ணன் கல், இடப்பக்கம் தம்பிக் கல். இரண்டுமே சாமி. சாமியை வெடி வைத்து உடைக்க ஆறு ஊரிலும் ஆள் கிடையாது. மாசி மாதம் புளி உலுக்க ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குள் வண்டி ஊருக்குள் வந்தாக வேண்டும் என்றார். வராவிட்டால் மாட்டையும் விற்று, புளியையும் பழைய விலைக்கே கொடுத்துவிட்டு, ஆறு ஊர்க்காரர்கள் முகத்திலும் அவர் விழித்தாக வேண்டும். லாரி யோசனை அவருடையது.

பாய்க்கு ஒரு பழக்கம். தெரியாத வேலை வந்தால்தான் சுறுசுறுப்பாகிவிடுவார். தெரிந்த வேலையை எங்களிடம் தள்ளிவிடுவார்.

“முடியும்யா. எல்லாம் முடியும். கோவிந்தா, டேப்ப எடு, மலைக்குப் போறோம்” என்றார் என்னிடம்.

2. சாமிக்கு அளவெடுக்கக் கூடாது

சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி ஜில்லாவாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புது ஜில்லாவில் எல்லாருக்கும் ஒரு மிடுக்கு வந்திருந்தது. பாய் கோட்டு போட்டுக்கொண்டு மலை ஏறினார். பாதி ஏற்றத்தில் கோட்டு என் தோளுக்கு வந்தது, கால்வாசி மிச்சமிருக்கும்போது பாயே கிட்டத்தட்ட என் தோளுக்கு வந்துவிட்டார்.

பாறைகளுக்குப் பத்தடி முன்னால் பூசாரி எங்களை நிறுத்தினார். நான் டேப்பை இழுத்ததுதான் தாமதம், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார்.

“மேஸ்திரி, அளவெடுக்கறது பொணத்துக்குங்க. சாமிக்கு எடுக்கக் கூடாது.”

“பாறைய அளக்கலய்யா. நடுவுல இருக்கிற சந்தத்தான் அளக்கறோம்” என்றார் பாய்.

“சந்து யாருது? சாமிதுதானுங்களே.”

கயிறு போடலாமா என்றேன். கூடாது. குச்சி? கூடாது. கால் வைத்து அடி கணக்குப் பண்ணலாமா? வெளியூர்க்காரர் உள்ளே கால் வைப்பதானால் மூன்று நாள் விரதம் இருக்க வேண்டும். அன்று மத்தியானம் எங்களுக்குக் கோழி அடிக்கச் சொல்லியிருந்தார்கள், ஆகவே விரதப் பேச்சை நான் வளர்க்கவில்லை.

ஊர்க்கவுண்டர் எங்களைப் பாறையைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஊருக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து வரக்காப்பி கொடுத்தார். காப்பி குடித்துக்கொண்டே பாய் சுற்றும் முற்றும் பார்த்தார். கோயில் கொட்டகையில் ஒரு சப்பரம் நின்றது. திருவிழாவில் சாமியை வைத்துத் தூக்கிக்கொண்டு போகிற மரத் தேர். அதைக் காட்டி, “இது அந்தக் கல்லுக்கு நடுவுல போவுமா?” என்று கேட்டார்.

“வருசா வருசம் போவுதுங்களே” என்றார் கவுண்டர்.

“இத அளக்கலாமா?”

பூசாரி யோசித்தார். “சாமி ஏறாதப்ப அது வெறும் மரம். தாராளமா அளங்க.”

பாய் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். காலேஜில் படித்த இன்ஜினியருக்கும் இந்த மூளை வருமா என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்கும் அப்போது, மனுஷன் கெட்டிக்காரன்தான் என்றே பட்டது. அளந்தோம். அகலம் ஐந்தடி மூன்று அங்குலம், உயரம் ஏழரை அடி. சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டோம். கொட்டகைக்கு வெளியே ஏழெட்டு ஆட்கள் குந்தியிருந்து நாங்கள் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. நாங்களும் அவர்களை எதுவும் கேட்கவில்லை.

பாறைகள் இரண்டும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது கண்ணுக்குத் தெரிந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மலையில் எதுதான் நேராக நிற்கிறது? அந்த ஏற்றத்துக்கு நாங்களே மூச்சு வாங்கிக்கொண்டு சாய்ந்துதான் நின்றோம். சப்பரம் போகிறது, சப்பரத்தைவிட மூன்று அங்குலம் குறைத்து ஐந்தடிக்கு வண்டி கட்டினால் வண்டியும் போகும். இதற்கு மேல் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டோம்.

3. இரண்டடி எடுத்த கதை

ஏழடி வண்டியை ஐந்தடியாக்க வேண்டும் என்றால் கேட்பவர்களுக்கு, பாடியை அறுத்து ஒட்டினால் ஆயிற்று என்று தோன்றும். பாடி கடைசி வேலை. முதலில் சேஸிஸ், வண்டியின் அடிச்சட்டம். நீளவாட்டில் ஓடும் இரண்டு இரும்புச் சட்டத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டங்கள் அத்தனையிலும் ரிவிட்டைத் தட்டி எடுத்து, ஒவ்வொன்றையும் அறுத்துச் சிறிதாக்கி, மறுபடி துளை போட்டு, மறுபடி ரிவிட் அடித்தோம். பிறகு ஆக்ஸில் ஹவுசிங், ஆக்ஸிலை மூடியிருக்கிற குழாய். முன்னும் பின்னும் இரண்டும் இழுக்கிற வண்டி, ஆகவே இரட்டை வேலை. குழாயை அறுத்து, உள்ளே ஒட்டுக் குழாயாக ஸ்லீவ் கொடுத்து, சுற்றிலும் வெல்டிங் வைத்தேன். நேர்கோடு ஒரு நூல் தப்பினாலும் டயர் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். பின்னால் ஜோடி டயரைக் கழற்றி ஒற்றை டயராக்கினோம்.

உள்ளே சுற்றுகிற ஷாப்டையும் அறுத்து வெல்டிங் வைத்துவிடலாம் என்றார் பாய்.

“முறுக்குல பட்டுனு போயிரும் பாய். அறுத்த முனையில புதுசா பல்லு வெட்டணும். சேலத்துக்கு அனுப்புங்க.”

“சேலத்துல வெட்டுனா நாள் ஆவுமே.”

“மலைமேல முறிஞ்சா அதவிட நாள் ஆவும். நான் வெல்டிங் வெக்க மாட்டேன், வேற ஆளப் பாத்துக்கங்க.”

எனக்குக் கோபம் வந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். அன்று மூன்று டீ குடித்தேன். நான் திரும்பி வந்தபோது ஷாப்டைச் சாக்கில் சுற்றி சேலம் பஸ்ஸில் போட்டாகிவிட்டது.

கடைசியில் கேபினை நடுவில் பிளந்து, இரண்டடியை எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் சேர்த்தோம். டிரைவருக்கு ஒரு சீட், அவருக்குப் பிடித்த ஒல்லியான ஒருவருக்குப் பக்கத்தில் அரை சீட். வண்டியைப் பார்க்க பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஆள் வந்தது. “ஏன் பாய், லாரிக்குப் பத்தியமா?” என்று டீக்கடைக்காரர் கேட்டார். அதியமான்கோட்டைவரை ஓட்டிப் பார்த்தபோது எதிரே வந்த பஸ் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி இறங்கி நின்று பார்த்தார். ஐந்தடி அகலத்தில் ஏழடி உயரம். திருப்பத்தில் ஓட்டும்போது நானே எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்தது பிரேக் இன்ஸ்பெக்டர். ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

“புக்குல ஏழடின்னு போட்டிருக்கு. வண்டி அஞ்சடி இருக்கு. மிச்சம் ரெண்டடி எங்கய்யா?”

“அறுத்துட்டோங்க சார்.”

“அறுத்தீங்க, சரி. அது எங்க?”

“பட்டறை மூலையில கெடக்குங்க சார்.”

“கவர்மென்ட் ரெக்கார்டுல இருக்கற பொருள மூலையில போட்டா எப்பிடி? கொண்டாந்து காட்டு.”

அறுத்த துண்டுகளையெல்லாம் அந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு மறுநாள் போனோம். கீழே பரப்பி வைக்கச் சொன்னார். வண்டியை அளந்தார், ஐந்தடி. துண்டை அளந்தார், இரண்டடி. கூட்டிப் பார்த்தார். “இப்ப சரியா வருது” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் பார்த்த ஆபீசர்களில் அவர் ரொம்ப நேர்மையானவர். ஒரு பீடி கூட வாங்கிக்கொள்ளவில்லை.

4. கல்லுக்கு முன்னால்

தை முடிகிற சமயம் வண்டியை மலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். காலி வண்டி. ரேடியேட்டரையும் சிறிதாக்கியிருந்ததால் மைலுக்கு ஒரு தடவை கொதித்தது. கடைசி ஏற்றத்தில் நான்கு சக்கரமும் இழுத்தும் வண்டி திணறிக்கொண்டு நின்றுவிட்டது. வேடியப்பன் பன்னிரண்டு ஆட்களைத் திரட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார். மேளம் அடித்தார்கள். அண்ணன் கல்லும் தம்பிக் கல்லும் வந்தன. வண்டியில் இருக்கிறவன் கால் தரையில் படாது, அதனால் எனக்கு விரதம் வேண்டாம் என்று பூசாரி முன்பே சொல்லியிருந்தார். பாய் கீழிறங்கி, கோட்டைச் சரிசெய்துகொண்டு, “மெதுவா வுடு கோவிந்தா” என்று கை காட்டினார்.

மெதுவாகத்தான் விட்டேன். சக்கரங்கள் தாராளமாக உள்ளே போயின. மூக்கு போனது. அப்புறம் தலைக்கு மேலே கர்ரென்று ஒரு சத்தம். வலப் பக்கத்துப் பாறையின் தலை இடப்பக்கமாகச் சாய்ந்திருந்ததில் கேபின் மூலை இடித்து நின்றது. இடப் பக்கத்துப் பாறையும் அதே பக்கம் சாய்ந்திருந்தது. கீழே இடம் இருந்தது, மேலேயும் இடம் இருந்தது. நேராக நிற்கிற வண்டிக்குத்தான் இடம் இல்லை.

மேளம் நின்றுவிட்டது. வேடியப்பன் பாறையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மாடு விற்ற வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு மேலே நின்றார்கள்.

“சப்பரம் போவுதுன்னு சொன்னீங்களேய்யா. அது இத வுட ஒயரம்தான, இத வுட அகலம்தான” என்று பாய் குரலை உயர்த்தினார்.

சப்பரம் தூக்குகிற ஆட்களில் மூத்தவர் தீர்த்தன். அவர் முன்னால் வந்து, “போவுதுங்க பாய். சாய்ச்சில்ல எடுத்துக்கிட்டுப் போவோம்” என்றார்.

“சாய்ச்சா?”

“வலது தோளு ஆளுவ தண்ட மேல தூக்கிக்குவோம். எடது தோளு ஆளுவ குந்திக்கிட்டே போவாங்க. கல்லு சாஞ்சிருக்கற வாட்டத்துக்குச் சப்பரத்தச் சாய்ச்சிக்கிட்டா சும்மா போவும்.”

“அடப்பாவி. அளக்கறப்ப அங்கதான குந்தியிருந்த. அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க மரத்தத்தானுங்களே அளந்தீங்க. எப்பிடித் தூக்குவீங்கன்னு கேக்கலீங்களே.”

பாய் கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் பூசாரியைப் பார்த்தார். கவுண்டர் எந்தக் காலத்திலும் சப்பரம் தூக்கியவர் இல்லை, குடை பிடித்து முன்னால் நடப்பவர். பூசாரி சப்பரத்தின் மேலே சாமியோடு உட்கார்ந்திருப்பவர். சாய்வதெல்லாம் அவருக்கு அருள் வருவதாகத் தோன்றியிருக்கும். காப்பி கொடுத்தவரையும் கோழி அடித்தவரையும் கேட்டு அளவெடுத்து வந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. நாலு மாத வேலை. தீர்த்தனிடம் ஒரு பீடியை நீட்டி இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

வேடியப்பன் மட்டும் யாரையும் திட்டவில்லை. தீர்த்தனிடம் போய், “இந்த வண்டியையும் சாய்ச்சா போவுமா?” என்று கேட்டார். தீர்த்தன் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். வலப்பக்கச் சக்கரம் ஒரு முழம் மேலே ஏறினால் போதும் என்றார்.

வலப்பக்கம் மட்டும் பாறையை ஒட்டிக் கல்லடுக்கி மேடு கட்டினார்கள். ஆண், பெண் என்று ஆறு ஊரும் கல் சுமந்தது. சாயங்காலத்துக்குள் மேடு எழும்பிவிட்டது. ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. சாய்ந்த வண்டி தம்பிக் கல் மேல் உரசாமல் போகாது. லாரி சாமியைத் தொடலாமா?

பூசாரி தம்பிக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். “ஊரே அவரு மேலதான் சாஞ்சிருக்கு. லாரியும் சாயட்டும். அளக்கத்தான் கூடாது.”

ஸ்டியரிங்கில் நான்தான் உட்கார்ந்தேன். பயம் என்றால் அன்றைக்குத்தான் பயம். வலப்பக்கம் ஏற ஏற நான் இடப்பக்கத்து அரை சீட்டுக்குச் சரிந்துகொண்டே போனேன். தீர்த்தன் முன்னால் நின்று, சப்பரத்துக்குச் சொல்வதைப்போலவே, “தூக்கு, தூக்கு, இப்ப குந்து” என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினார். தம்பிக் கல்லில் பச்சைப் பெயிண்ட் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தது. வண்டி அந்தப் பக்கம் போய் நேராக நின்றது. அந்தப் பச்சைக் கோட்டுக்குப் பூசாரி மறுநாள் காலையிலேயே சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்.

5. மண்டி

புளி இறங்கிய முதல் நாள் நான்தான் ஓட்டினேன். இறக்கத்தில் எந்த வம்பும் இல்லை. மொரப்பூர் மண்டி வாசலில் வண்டியை நிறுத்தினேன். வேடியப்பன் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, தோளில் துண்டு என்று மாப்பிள்ளை மாதிரி இறங்கினார்.

மண்டி முதலாளி கல்லாவை விட்டு எழவில்லை. “என்ன வேடியப்பா, கழுதையெல்லாம் எங்க? மூட்டைய எறக்கு, வெல அப்பறம் பேசலாம்.”

“வெலயச் சொல்லுங்க, எறக்கறேன்.”

முதலாளி சிரித்தார். போன வருஷ விலையையே சொன்னார். “கட்டுப்படியாவலன்னா எடுத்துக்கிட்டுப் போ. காரிமங்கலம் சந்தைக்கா போவப் போற? அங்க என் மச்சான்தான் கட போட்டிருக்கான். அவன் இந்த வெலகூடத் தர மாட்டான்.”

“காரிமங்கலத்துக்கு எதுக்குங்க? வூட்டுக்கே எடுத்துக்கிட்டுப் போறேன். புளி என்ன, பாலா தயிரா, நாள் ஆனா கெட்டுப்போவ? பழம்புளிக்கு வெல இன்னும் ஜாஸ்திதான். அடுத்த வருசம் பாத்துக்கலாம். மேஸ்திரி, வண்டியத் திருப்புங்க.”

வண்டியைத் திருப்பினால் என்ன ஆகும் என்று அங்கே நின்றிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். காரணத்தைச் சொல்கிறேன். சேலத்தில் புதுப் பல் வெட்டிக் கொடுத்தார்கள், ஆனால் ஷாப்டுக்குப் பழைய டெம்பர், அந்த இரும்பின் உரம், திரும்பவில்லை. வெற்று வண்டியாக ஏறும், மூட்டையோடு இறங்கும். மூட்டையோடு ஏறினால் கால் மலை தாண்டுவதற்குள் முறிந்துவிடும். புளி கீழேதானே வரப்போகிறது என்று பாயும் நானும் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

முதலாளி எழுந்து வெளியே வந்தார். அந்த ஒல்லி வண்டியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மேஸ்திரி, உம்மத் தருமபுரியில விசாரிச்சிருக்கேன். வேலையில பொய் சொல்ல மாட்டீருன்னு பேரு. இது மூட்டையோட மல ஏறுமா?”

முறிகிற சாமானை முறியும் என்றே சொல்லிப் பழகியவன் நான். அதனால் இரண்டு வாடிக்கைக்காரர்களையும் ஒரு மைத்துனனையும் இழந்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். வேடியப்பன் என்னைப் பார்க்கவே இல்லை, அவிழ்ந்து கிடந்த தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“நாலு சக்கரமும் இழுக்குதுங்க” என்றேன். அதுவும் உண்மைதான். வண்டிக்கு அடியில் குனிந்து முன் ஆக்ஸிலைக் காட்டினேன். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினேன். ரிவர்ஸ் கியர் போட்டு வண்டியை ஓர் அடி நகர்த்தினேன்.

“ஏம்ப்பா, பேசிக்கிட்டிருக்கறப்பவே வண்டிய எடுத்தா எப்பிடி?” என்று முதலாளி பானெட்டில் கையை வைத்தார். வேறொரு விலை சொன்னார். வேடியப்பன் கயிற்றை விடவில்லை. முதலாளி அதற்கும் மேலே ஒரு விலை சொன்னார். அப்புறம்தான் முடிச்சு அவிழ்ந்தது.

திரும்பும்போது அந்த அரை சீட்டில் வேடியப்பன் உட்கார்ந்து வந்தார். மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“ஒரு விசயம் சொல்லணும். இந்த வண்டி மூட்டையோட மல ஏறாதுங்க. ஷாப்ட் முறிஞ்சிடும். அந்தாளு சரி போன்னு வுட்டிருந்தாருன்னா நம்ம கதி அதோகதிதான்.”

“எனக்குத் தெரியாதுங்களா மேஸ்திரி? காலி வண்டியவே பன்னண்டு பேரு தள்ளித்தான ஏத்துனோம். நான்தான பின்னால நின்னு தள்ளுனேன்.”

“தெரிஞ்சேதான் வண்டியத் திருப்பச் சொன்னீங்களா?”

“ஏறாதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாதில்ல” என்றார் வேடியப்பன். “நம்மளால திருப்பி எடுத்துக்கிட்டுப் போவ முடியும்னு அவரு ஒரு தரம் நம்பிட்டா போதுங்க. அதுக்குத்தான் மாட்ட வித்தோம்.”

நாலு மாதம் நான் அறுத்ததும் ஒட்டியதும் எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு எந்த வேலை வந்தாலும், டேப்பை எடுப்பதற்கு முன்னால், இது எங்கே போவதற்கு, எதைச் சுமப்பதற்கு என்று கேட்பதோடு நிறுத்தாமல், இதை வைத்து யாரிடம் என்ன பேசப் போகிறீர்கள் என்றும் கேட்டுக்கொள்வேன்.